மின்-சிகரெட்: தூரடியில் ஒளிந்திருக்கும் புகையான்



நெல் விளையும் நம் பகுதியில் புகையான் பூச்சியைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். இறங்கித் தூரை விலக்கிப் பார்த்தால்தான் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டோடு தண்டாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பழுப்பு நிறப் பூச்சிகள் தெரியும். சில நாள் கவனிக்காமல் விட்டால் வயலின் நடுவே வட்ட வட்டமாகத் தீய்ந்துபோன திட்டுகள் தோன்றும். அப்போது மருந்துக் கடைக்கு ஓடுவோம்.

இன்று கல்லூரி மாணவரிடையே பரவிவரும் மின்-சிகரெட் பழக்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்தப் பூச்சிதான் நினைவுக்கு வந்தது. மாணவர்கள் இதை 'வேப்' என்கிறார்கள். பழைய புகைப்பழக்கத்தைக் கண்டுபிடிக்கப் பெற்றோருக்குப் பல வழிகள் இருந்தன. சட்டைப் பையில் தீப்பெட்டி, விரல் நுனியில் மஞ்சள் கறை, வாயில் வீச்சம், மொட்டை மாடியில் கிடக்கும் துண்டு என்று ஏதாவது ஒன்று காட்டிக் கொடுத்துவிடும். இதில் நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, துண்டு இல்லை. மாம்பழம், தர்பூசணி, புதினா வாசனை சற்று நேரம் இருந்து மறைந்துவிடும். சில மாதங்களுக்கு முன் ஒரு தாய், மகனுடைய ஜீன்ஸைத் துவைக்கப் போட்டபோது கிடைத்தது என்று ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டி, "சாமி, இது பென் டிரைவா, இல்லை சென்ட் பாட்டிலா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. 2016-17-இல் எடுக்கப்பட்ட வயது வந்தோருக்கான தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 100 பேரில் 3 பேருக்கு மட்டுமே மின்-சிகரெட் என்ற ஒன்று இருப்பதே தெரிந்திருந்தது. அன்று பெரியவர்களாக இருந்தவர்கள்தாம் இன்று கல்லூரி மாணவர்களின் பெற்றோர்.

புகையிலை நம் மண்ணுக்குப் புதியதல்ல. வேதாரண்யம் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் புகையிலை விளைந்தது. கும்பகோணம் கொழுந்து வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். அந்த வெற்றிலையோடு சீவலும், சீவலோடு ஒரு துண்டுப் புகையிலையும் சேர்ந்தே வந்தன. நடவு வயலில் இடுப்பில் சுருக்குப் பையோடு நிற்கும் தாய்மாரை அறியாதவர் யார்? திருச்சி உறையூர்ச் சுருட்டோ கடல் கடந்து புகழ் பெற்றது. ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-இல் தம் முதல் கதையிலேயே திருச்சிச் சுருட்டின் சாம்பலை அடையாளம் கண்டு துப்புத் துலக்குகிறார். எனவே புகையிலை ஏதோ மேற்கிலிருந்து வந்த கெட்ட பழக்கம், நம் முன்னோர் தூயவர் என்று நான் பேசப் போவதில்லை. அந்தப் பழக்கத்தின் விலையை வாய்ப் புற்றுநோயாக நம் குடும்பங்கள் கொடுத்திருக்கின்றன.

திருச்சபையின் கதையும் நேர்க்கோடாக இல்லை. திருத்தந்தை எட்டாம் உர்பான் 1642-இல் செவில் மறைமாவட்ட ஆலயங்களில் புகையிலையைத் தடை செய்தார். அதே திருச்சபையின் தலைவர் ஒன்பதாம் பயஸ் 1863-இல் உரோமையில் பெரிய புகையிலைத் தொழிற்சாலை ஒன்றைக் கட்டி முடித்தார். அவர் பெயர் பொறித்த அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. வத்திக்கான் ஊழியர்களுக்குச் சலுகை விலையில் சிகரெட் விற்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018 முதல் நிறுத்தினார். அதனால் வருமானம் குறையும் என்று தெரிந்தே செய்தார்.

சரி, இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? உள்ளே ஒரு சிறிய லித்தியம் மின்கலம், ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சை நனைக்கும் திரவம் ஆகியவை இருக்கின்றன. வாயால் இழுத்ததும் சுருள் சூடாகித் திரவம் நுண்துளிகளாக மாறி நுரையீரலுக்குள் போகிறது. "வெறும் தண்ணீர் ஆவிதானே ஃபாதர்" என்று மாணவர்கள் சொல்வதுண்டு. அது தண்ணீர் ஆவி அல்ல. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்னும் இரண்டு பிசுபிசுப்பான பொருள்கள், வாசனைக்கான வேதிப்பொருள்கள், பெரும்பாலும் நிக்கோட்டின், சூடான கம்பியிலிருந்து வரும் உலோகத் துகள் ஆகிய எல்லாம் சேர்ந்த பனிமூட்டம் அது. வாசனைப் பொருள் உணவில் சேர்க்கத் தகுந்தது என்று குப்பியில் எழுதியிருக்கலாம். தின்பதற்குத் தகுந்த ஒன்று சூடாக்கி மூச்சில் இழுப்பதற்கும் தகுந்ததாகிவிடாது. மிளகாய்ப் பொடியும் உணவுதான்!

இன்றுள்ள வடிவத்தில் இதை உருவாக்கியவர் சீன மருந்தாளுநர் ஹான் லிக். ஆண்டு 2003. அவரே புகைப்பவர். அவருடைய தந்தை கடுமையாகப் புகைத்து நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். புகைப்பவரைச் சிகரெட்டிலிருந்து மீட்கும் நோக்கில்தான் இது தொடங்கியது. அந்த நோக்கத்தை ஏளனம் செய்ய முடியாது. சிகரெட்டை விட முடியாமல் தவிக்கும் வயது வந்தவர் முற்றிலுமாக இதற்கு மாறினால், புகையிலை எரிந்து வரும் நச்சுகள் பெருமளவு குறைகின்றன என்பதை மருத்துவ உலகம் ஏற்கிறது. பிரித்தானிய அரசு மருத்துவத் துறை அந்த வழியைப் புகைப்பவருக்குப் பரிந்துரைக்கவும் செய்கிறது. மாணவர்கள் இதை இணையத்தில் படித்துவிட்டு நம்மிடம் வாதாடும்போது, "எல்லாம் பொய்" என்று மறுத்தால் நம்முடைய மற்ற வார்த்தைகளும் எடுபடாமல் போகும். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நீ இதற்கு முன் சிகரெட் பிடித்தாயா? பெரும்பாலும் பதில், இல்லை. முறிந்த காலுக்குக் கொடுத்த ஊன்றுகோலை நல்ல காலுள்ளவன் ஏன் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும்?

இது இளையோரைப் பிடித்த கதைக்கு ஒரு பல்கலைக்கழகத் தொடர்பு உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆடம் போவன், ஜேம்ஸ் மான்சீஸ் என்ற இருவரின் முயற்சியில் 2015-இல் 'ஜூல்' என்னும் கருவி விற்பனைக்கு வந்தது. பென் டிரைவ் போன்ற வடிவம், கணினியில் செருகி மின்னேற்றும் வசதி. முக்கியமான மாற்றம் உள்ளே இருந்த திரவத்தில்தான். பழைய மின்-சிகரெட்டில் நிக்கோட்டின் கூடினால் தொண்டை எரியும், இருமல் வரும். அந்த இருமல் உடல் போட்ட வேலி. நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பு வடிவமாக்கியதும் எரிச்சல் குறைந்துவிட்டது. புதிதாகத் தொடங்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகூட இருமாமல் நிறைய இழுக்கலாம். 2018 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தலைவரே இளையோரிடையே இது கொள்ளைநோயாகிவிட்டது என்று அறிவிக்கும் நிலை வந்தது. 2022-இல் அந்த நிறுவனம், இளையோரைக் குறிவைத்து விளம்பரம் செய்தது தொடர்பான விசாரணையை முடித்துக்கொள்ள, 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு ஏறத்தாழ 44 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஜூல் இந்தியாவில் கடை திறக்கவே இல்லை. ஆனால் அந்த நிக்கோட்டின் உப்பு முறையைச் சீனத்தின் ஷென்சென் நகரத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டன. நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் வண்ணக் கருவிகள் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் சேரும் நிக்கோட்டின் ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிகிராம். '5 சதவீதம்' என்று அச்சிட்ட கருவியில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். 2 மில்லிலிட்டர் திரவம் என்றால் 100 மில்லிகிராம். அதில் ஒரு பகுதிதான் உடலில் சேரும் என்றாலும், குறைந்தது இருபது, முப்பது சிகரெட்டுக்கு ஈடாகும். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவே மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்தான். மேலும் சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. எரிந்து தீர்ந்ததும் கீழே போட வேண்டும். இதற்கு அந்த முடிவு இல்லை. போர்வைக்குள், கழிவறையில், படித்துக்கொண்டே, பேருந்தில் என்று எங்கும் இரண்டு இழுப்பு இழுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஒரு நாளில் எவ்வளவு இழுத்தோம் என்று இழுத்தவருக்கே தெரியாது.

நிக்கோட்டின் என்ன செய்யும் என்பதை நம் விவசாயிகள் வேறொரு வழியில் அறிவார்கள். அசுவினிக்குப் புகையிலையை ஊறவைத்த தண்ணீர் தெளித்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். புகையிலைச் செடி தன்னைத் தின்ன வரும் பூச்சியைக் கொல்லத் தயாரித்துக்கொள்ளும் நஞ்சுதான் நிக்கோட்டின். புகையானுக்கு நாம் தெளிக்கும் இமிடாகுளோபிரிட் என்னும் மருந்துகூட நிக்கோட்டினைப் பார்த்து அமைக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. பூச்சியின் நரம்பில் நிக்கோட்டின் பூட்டிக்கொள்ளும் அதே இடத்தில்தான் அதுவும் போய்ப் பூட்டிக்கொள்கிறது. மனித மூளையிலும் அத்தகைய இடங்கள் உண்டு. அங்கே நிக்கோட்டின் சென்றதும் இன்ப உணர்வைத் தரும் டோப்பமைன் சுரக்கிறது. திரும்பத் திரும்பச் சென்றால் மூளை அந்த இடங்களைப் பெருக்கிக்கொள்கிறது. அவை காலியாக இருந்தால் எரிச்சலும் பதற்றமும் வருகின்றன. "டென்ஷன் குறையத்தான் இழுக்கிறேன்" என்று சொல்லும் மாணவருக்குப் பெரும்பாலும் குறைவது, முந்தைய இழுப்பு உண்டாக்கிவிட்டுப் போன டென்ஷன்தான். மனித மூளை இருபத்தைந்து வயது வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. கவனம், பொறுமை, ஆசையை அடக்கும் திறன் ஆகியவற்றுக்கான பகுதி கடைசியாக முதிர்கிறது. கல்லூரிக் காலம் முழுதும் அந்த வேலை நடந்துகொண்டிருக்கும் காலம்.

நுரையீரலைப் பற்றிப் பயமுறுத்தும் படங்கள் பல உலவுகின்றன. 2019-இல் அமெரிக்காவில் மின்-சிகரெட் தொடர்பான திடீர் நுரையீரல் பாதிப்பால் 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள்; 68 பேர் இறந்தார்கள். இதைச் சொல்லும் பலர் அடுத்த பாதியைச் சொல்வதில்லை. அந்தப் பாதிப்பில் பெரும்பகுதிக்குக் காரணம், கஞ்சாவின் போதைப் பொருள் கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட் என்று கண்டறியப்பட்டது. பலர் அவற்றைக் கடையில் வாங்கவில்லை; நண்பர்கள் வழியாகவும் கள்ளத்தனமாகவும் வாங்கினார்கள். இந்தப் பாதி நமக்குத்தான் மிகவும் தேவையானது. ஏனென்றால் இந்தியாவில் கிடைக்கும் ஒவ்வொரு மின்-சிகரெட்டும் கள்ளச் சந்தைப் பொருள்தான். உள்ளே இருப்பது என்ன என்று சோதித்த அதிகாரி ஒருவரும் இல்லை.

இங்கே சட்டத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். பல மாணவர்களுக்கு இது தெரியவில்லை. தமிழ்நாடு அரசு 2018-இலேயே மின்-சிகரெட்டைத் தடை செய்தது. நடுவண் அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதே ஆண்டு டிசம்பரில் அதை நிலையான சட்டமாக்கியது. தயாரித்தல், இறக்குமதி, எடுத்துச் செல்லுதல், விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகிய அனைத்தும் குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சேமித்து வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இழுப்பதற்கென்று தனித் தண்டனை சட்டத்தில் இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, "நாங்கள் இழுக்கத்தானே செய்கிறோம்" என்கிறார்கள். ஆனால் விநியோகம் என்பதில் இலவசமாகக் கொடுப்பதும் அடங்கும். துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும் அண்ணன், தம்பியின் நண்பர்களுக்கென்று நாலு கருவிகளைப் பெட்டியில் வைத்துத் திருச்சி விமான நிலையத்தில் இறங்கினால் அது இறக்குமதி. விடுதி அறையில் ஐந்தாறை வைத்து நண்பர்களுக்குக் கொடுத்தால் சேமிப்பும் விநியோகமும். நன்றாகப் படிக்கும் பிள்ளை, ஒரு 'உதவி' செய்யப் போய் வழக்கில் சிக்கினால் கடவுச்சீட்டும் வேலையும் என்னவாகும் என்று யோசிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் வேலை செய்வோர் நம் பங்குகளில் பலர் உண்டு. அங்கே 2018 பிப்ரவரியிலிருந்து வைத்திருப்பதும் இழுப்பதுமே குற்றம். எட்டோமிடேட் என்னும் மயக்க மருந்து கலந்த கருவிகள் பரவியதால், 2025 செப்டம்பர் முதல் அந்த மருந்தைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துத் தண்டனையைக் கடுமையாக்கிவிட்டார்கள். வெளிநாட்டவர் தொடர்ந்து பிடிபட்டால் வேலை அனுமதிச் சீட்டை இழந்து திருப்பி அனுப்பப்படவும் நேரிடும். முகவருக்குக் கட்டிய பணத்துக்கு ஊரில் இன்னும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

நடுவண் அரசின் தடையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எரியும் சிகரெட் பெட்டிக் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனத்தில் அரசுக் காப்பீட்டு நிறுவனமே பெரும் பங்குதாரர். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்ற 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எத்தனை கல்லூரி வாசல்களில் காற்றில் பறக்கிறது என்பதை நாமே பார்க்கிறோம். மாணவர்கள் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டும்போது அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு கதவு திறந்திருப்பதால் மற்றொன்றையும் திறந்துவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025-26 கொள்முதல் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு அரசு குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் தந்தது. 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய். 2025 அக்டோபர் மழையில் கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைந்து முளைவிட்டதையும், தார்ப்பாயோடு இரவெல்லாம் காவல் கிடந்த தந்தையரையும் நாம் மறக்கவில்லை. கள்ளச் சந்தையில் ஒரு கருவியின் விலை ஒரு சிப்பத்தை எளிதில் விழுங்கிவிடும். வாரம் ஒன்று தேவைப்படும் நிலைக்கு வந்த மாணவன், விடுதிக் கட்டணம், புத்தகம், புராஜெக்ட் என்று வீட்டில் கேட்கும் பணத்தில் மாதம் நாலு சிப்பம் கரைகிறது. வீட்டில் சொன்ன பொய்கள் தனிக் கணக்கு.

திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2290-ஆம் எண்ணில் உணவு, மது, மருந்து ஆகியவற்றோடு புகையிலையையும் சேர்த்து, அவற்றில் மிதமிஞ்சிப் போவதை அளவோடு வாழும் நற்பண்புக்கு மாறானது என்கிறது. கவனியுங்கள்: தொடுவதே பாவம் என்று அது சொல்லவில்லை, மிதமிஞ்சுவதைச் சொல்கிறது. ஆகவே ஒரு முறை இழுத்த மாணவனைக் கொலைக்குற்றவாளியைப் போல் பார்க்க வேண்டாம். ஆனால் அளவு தெரியாதபடியே அமைக்கப்பட்ட ஒரு கருவியில் அளவோடு இருப்பது எப்படி என்ற கேள்வியை மாணவரிடம் நேர்மையாகக் கேட்கலாம்.

பெற்றோர் என்ன செய்யலாம்? புகையானுக்கு முதல் வைத்தியம் மருந்து அல்ல என்று வேளாண் அலுவலர்கள் சொல்வார்கள். நெருக்கி நடாமல் எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டுக் காற்றும் வெளிச்சமும் தூர்வரை போகவிட வேண்டும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டக் கூடாது. தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். சென்னையிலும் கோவையிலும் விடுதியில் இருக்கும் பிள்ளையிடம் தொலைபேசியில், "சாப்பிட்டாயா, மார்க் என்ன" என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டால் தூர்வரை வெளிச்சம் போகாது. கருவி கையில் கிடைத்துவிட்டால் அன்றிரவே அடித்து, சொந்தக்காரரைக் கூட்டி மானத்தை வாங்க வேண்டாம். அடுத்த கருவியை இன்னும் நன்றாக ஒளித்துவைக்கத்தான் அது உதவும். எப்போது தொடங்கினாய், காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, யாருக்காவது பணம் தர வேண்டியிருக்கிறதா என்று அமைதியாகக் கேளுங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் தேவைப்படுகிறது என்றால் அடிமைத்தனம் ஆழமாகிவிட்டது என்று பொருள். வெறும் மன உறுதியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

விட விரும்பும் மாணவருக்கு: முதல் மூன்று நாள்தான் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, பசி, பாடத்தில் மனம் நிற்காமை எல்லாம் வரும்; இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். ஆகவே செமஸ்டர் தேர்வுக்கு முந்தின வாரத்தில் தொடங்காமல் விடுமுறையில் தொடங்குவது நல்லது. வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினால், அந்த நாள்களில் நீங்கள் எரிந்து விழுவதை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800 112 356, மனநல உதவிக்கான டெலி-மானஸ் எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவையும் அணுகலாம். நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவற்றை மருத்துவர் சொல்லும் அளவில் பயன்படுத்தினால் அந்த வாரங்கள் எளிதாகும்.

கைப்பற்றிய கருவியை வீட்டில் எங்கேயாவது போட்டுவைக்க வேண்டாம். உள்ளிருக்கும் திரவம் கொஞ்சம் வாயில் போனாலும் கைக்குழந்தைக்கு ஆபத்து. அடுப்பிலோ குப்பையோடோ எரித்தால் லித்தியம் மின்கலம் வெடிக்கும். வாய்க்காலில் வீசினால் அது நம் வயலுக்கே வரும். பழைய செல்போன், பேட்டரி வாங்கும் மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.